டெனிஸ் ஏன் பேசவில்லை? 600 எம்பி கேம்களில் காணாமல் போன காதல்

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ஒரு கேள்வியில் இருந்து ஆரம்பிக்கிறேன். கேள்வி என்னுடையது இல்லை, எங்க அக்காவுடையது.

2007 கோடை லீவு. சங்கரன்கோவில்ல எங்க வீட்டு மாடி ரூம். செகண்ட் ஹேண்டில் வாங்கின ஒரு பெண்டியம் 4. நான் ஒன்பதாம் வகுப்பு முடிச்சிருந்தேன். ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் ஓடிக்கிட்டு இருக்கு. ஹீரோ சி.ஜே., டெனிஸ்ங்கிற பொண்ணை வண்டியில ஏத்திக்கிட்டு சாப்பிடப் போறான். அக்கா துணி காயப்போட மாடிக்கு வந்தவ, வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் பார்த்தா.

“ஏம்ல, இந்தப் பிள்ளை ஒரு வார்த்தைகூடப் பேச மாட்டேங்கு?”

“இந்த கேம்ல பொம்பளைங்க பேச மாட்டாங்கக்கா.”

“பொறவு எதுக்குல அவளைக் கூட்டிட்டுச் சுத்துதான்?”

“50 பெர்சென்ட் ஆனா அவ கார் சாவி கெடைக்கும்.”

அக்கா ஒண்ணும் சொல்லல. பக்கெட்டை எடுத்துக்கிட்டுக் கீழ போயிட்டா.

நான் சொன்னது பொய்னு எனக்கே தெரியாது. டெனிஸ் பேசுவா. நிறையவே பேசுவா. அவ குரல் இருந்த ஃபைலை யாரோ அழிச்சிட்டாங்க. யார், ஏன், எப்படி அழிச்சாங்கங்கிறதுதான் இன்னைக்குக் கதை.

ஒரு ராத்திரி, ஒரு சிடி

முதல்ல கொஞ்சம் கணக்கு. இந்தியாவோட பிராட்பேண்ட் கொள்கை 2004 அக்டோபர்ல வந்தது. நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தா அதை பிராட்பேண்ட்னு சொல்லலாம்னு அதுல வரையறுத்தாங்க. கிலோபைட்டில் சொன்னா நொடிக்கு 32. பி.எஸ்.என்.எல். இணைப்பில் அப்போ சில பிளான்களில் ராத்திரி 2 மணியில் இருந்து காலை 8 மணி வரை எவ்வளவு டவுன்லோடு பண்ணினாலும் கணக்கில் சேராது. அந்த ஆறு மணி நேரம்தான் எங்க தலைமுறையின் பிரம்ம முகூர்த்தம்.

சான் ஆண்ட்ரியாஸ் பிளேஸ்டேஷன் 2-க்கு 2004-லயும், கம்ப்யூட்டருக்கு 2005 ஜூன்லயும் வந்தது. முழுசா இன்ஸ்டால் பண்ண 4.7 ஜிபி வேணும். 256 கிலோபிட்டில் அதை இறக்க ஏறக்குறைய 41 மணி நேரம் ஆகும். ராத்திரிக்கு ஆறு மணி நேரம்னா ஏழு ராத்திரி. நடுவுல ஒரு தடவை கரண்ட் போனா பல நேரம் முதல்ல இருந்து.

இப்போ ஒரு சிடியை எடுத்துக்குங்க. 700 எம்பி. அதே வேகத்தில் ஆறு மணி நேரத்துக்கு அஞ்சு நிமிஷம்தான் கூட. 600 எம்பின்னா அஞ்சேகால் மணி நேரம். ஒரு ராத்திரியில் இறங்கிடும், ஒரு சிடியில் அடங்கிடும். நாங்க பார்த்த “ஹைலி கம்ப்ரஸ்டு” கேம்கள்ல பாதி ஏன் 600, 650 எம்பின்னே இருந்தது? இந்தக் கணக்குதான் எனக்குத் தோணுற காரணம்.

எங்க ஊர்ல அந்த வேலையைச் செஞ்சது ஒரு பிரவுசிங் சென்டர். ராத்திரி இறக்கி, காலையில சிடியில எழுதி, மார்க்கர்ல பேர் எழுதிக் குடுப்பாங்க. ஒரு தடவை நான் போய் முறையிட்டேன்.

“அண்ணாச்சி, இதுல பேசுத சத்தமே வரல.”

“சுடுத சத்தம் வருதால்ல?”

“வருது.”

“பொறவு என்னடே?”

இது பைரசிதான். அதை மழுப்பப் போறதில்லை. ஆனா ஒரு சின்ன ஊர்ல, 2007-ல, ஒரிஜினல் டிவிடி கண்ணுல படவே படாத ஒரு பையன் கேம்ங்கிற கலையைப் பார்த்ததே அந்தக் கதவு வழியாத்தான். அந்தக் கதவு எந்த அகலத்தில் இருந்ததோ, அந்த அகலத்துக்கு அடங்கினதுதான் உள்ள வந்தது.

ரிப் என்கிற பழைய தொழில்

வெட்டுற பழக்கம் எங்க ஊர்ல பிறந்தது இல்ல. 1990-கள்ல கேம்கள் ஃப்ளாப்பியில் இருந்து சிடிக்கு மாறின காலத்துக்குப் போகணும். ஒரு ஃப்ளாப்பி 1.44 எம்பி. ஒரு சிடி அதைப்போல நானூறு மடங்குக்கு மேல. திடீர்னு இவ்வளவு இடம் கிடைச்சதும் கேம் செய்றவங்க அதை எதை வச்சு நிரப்பினாங்க? வீடியோ, இசை, நடிகர்களோட குரல். ஃபைனல் ஃபேன்டஸி 7 (1997) மூணு சிடியில வந்தது. எட்டாம் பாகம் (1999) நாலு சிடி. அதுல பெரும்பங்கு படக்காட்சிகள்தான்.

ஆனா அதைத் திருட்டுத்தனமா பரப்பினவங்க கையில இருந்தது டெலிஃபோன் மோடம். அதனால ரெண்டு வகை குழுக்கள் உருவாச்சு. ஒரு வகை முழு சிடியையும் அப்படியே பிரதி எடுக்கும். இன்னொரு வகை “ரிப்” செய்யும். ரிப்னா, கேம் ஓடுறதுக்கு எது கட்டாயம் வேணுமோ அதை மட்டும் வச்சுக்கிட்டு, முன்கதை வீடியோ, நடுவுல வர்ற காட்சிகள், பாட்டு, சில நேரம் பேச்சு எல்லாத்தையும் எடுத்துடுறது.

2000-களின் நடுவில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இணைய வேகம் கூடிப்போச்சு. ரிப் குழுக்களுக்கு வேலை குறைஞ்சது. அங்க அந்தத் தொழில் தேய ஆரம்பிச்ச அதே நேரத்துலதான் நம்ம ஊர்களுக்கு 256 கிலோபிட் வந்தது. அவங்க கழிச்சுப் போட்ட பழக்கம் எங்களுக்குப் புதுசா வந்து சேர்ந்தது.

காதல் ஏன் முதலில் வெட்டுப்பட்டது?

இதைப் புரிஞ்சுக்க எங்க ஊர்த் தறிக்கு வரணும். சங்கரன்கோவில்ல விசைத்தறி சத்தம் கேட்காத தெரு குறைவு. சேலைக் கரையில ஒரே பூ திரும்பத் திரும்ப வரும். அந்தச் சேலையை இன்னொருத்தருக்கு ஃபோன்ல விவரிக்கணும்னா முழு நீளத்தையும் சொல்ல மாட்டீங்க. “இந்தப் பூ, இந்த இடைவெளியில, 200 தடவை”ன்னு சொன்னாப் போதும். கம்ப்ரஷன்ங்கிறது அவ்வளவுதான். திரும்ப வர்றதை ஒரு தடவை எழுதிட்டு, மத்த இடத்துல எல்லாம் “மேற்படி”ன்னு போட்டுடுறது.

இப்போ ஒரு கேமுக்குள்ள பாருங்க. சண்டை முழுக்கத் திரும்ப வர்ற விஷயம். ஒரு ரவுடியோட உருவத்தை ஒரு தடவை செஞ்சு வச்சா நூறு ரவுடி கிடைப்பான். ஒரு துப்பாக்கிச் சத்தம் ஆயிரம் தடவை ஒலிக்கும். அந்த ஃபைல் எல்லாம் ஏற்கெனவே சின்னது, சுருக்கினா இன்னும் சின்னதாகும்.

காதல் அப்படி இல்ல. ஒருத்தி தன் அப்பாவைப் பத்திச் சொல்றது ஒரே ஒரு தடவைதான் வரும். முத்தம் ஒரு காட்சியில ஒரு தடவைதான். ஒவ்வொரு வசனத்தையும் ஒரு நடிகை ஸ்டுடியோவில் நின்னு தனித்தனியாப் பேசியிருப்பாங்க. அந்தக் குரலும் வீடியோவும் சிடியில ஏறும்போதே ஒரு தடவை சுருக்கப்பட்டுத்தான் ஏறியிருக்கும். அதை வின்ரார்ல போட்டா பெருசா எதுவும் குறையாது. அப்போ கேஜிபி ஆர்க்கைவர்னு ஒண்ணு பிரபலமா இருந்தது. ராத்திரி முழுக்க ஓடவிட்டாலும் ஏற்கெனவே சுருங்கினதை அதாலயும் பெருசா ஒண்ணும் செய்ய முடியாது.

சுருக்க முடியாததை என்ன பண்ணுவாங்க? அழிப்பாங்க. வெட்டினவங்களுக்குக் காதல் மேல கோபம் எதுவும் கிடையாது. ஃபோல்டரை சைஸ் வாரியா வரிசைப்படுத்தி மேல இருந்ததைத் தூக்கினாங்க. மேல இருந்தது குரலும் வீடியோவும்.

சான் ஆண்ட்ரியாஸ்லயே பாருங்க. ஆடியோ ஃபோல்டருக்குள்ள ஸ்ட்ரீம்ஸ்னு ஒரு ஃபோல்டர். ரேடியோ ஸ்டேஷன்களும், கட்சீன் பேச்சும் அதுக்குள்ளதான் இருக்கும். இதைத் தூக்கினா கேம் நிக்காது. அந்த கேம்ல கட்சீன்கள் தனி வீடியோ இல்ல, கேமே அந்த நேரத்துல வரைஞ்சு காட்டுறது. அதனால காட்சி வரும், வாய் அசையும், சத்தம் மட்டும் இருக்காது. வசனத்தோட எழுத்து வடிவம் ஒரு சின்ன ஃபைல்தான், அது பிழைச்சுக்கிச்சு. நாங்க சப்டைட்டிலை ஆன் பண்ணியிருக்கலாம். அந்த இங்கிலீஷை யார் படிக்கிறது?

நான் இழந்த மூணு கதைகள்

சான் ஆண்ட்ரியாஸ்ல சி.ஜே.வுக்கு ஆறு காதலிகள் வரலாம். டெனிஸை எரியுற வீட்டுக்குள்ள இருந்து அவன் காப்பாத்துறான். அந்த வீட்டுக்குத் தீ வச்சதே அவன்தான். நல்லா எழுதினா பெரிய நாவலே வரும். ஒவ்வொருத்திக்கும் பிடிச்ச ஏரியா, பிடிச்ச வேகம், பிடிச்ச சாப்பாட்டுக் கடை தனித்தனி. கூட இருந்து, பேச்சைக் கேட்டு, முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கணும். எங்களுக்குப் பேச்சு இல்லையா, அதனால நண்பன் ஒருத்தன் ஒரு பேப்பர்ல எழுதிக் கொண்டுவந்தான். நர்ஸ் பொண்ணு கூடப் பழகினா அடிபட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாலும் துப்பாக்கி போகாது. போலீஸ் பொண்ணு கூடப் பழகினா அரெஸ்ட் ஆனாலும் துப்பாக்கி போகாது. ஆறு பொண்ணு, ஆறு சலுகை. ரேஷன் கார்டு மாதிரி.

ரெண்டாவது மேக்ஸ் பெய்ன் 2. 2003-ல வந்தது. அந்த கேமுக்கு அதைச் செஞ்சவங்களே வச்ச விளம்பர வாசகம், இது ஒரு காதல் கதைன்னு சொல்லுது. போலீஸ்காரன் மேக்ஸுக்கும், கொலைக்குற்றத்துக்காகத் தேடப்படுற மோனாவுக்கும் நடுவுல. கதை முழுக்க காமிக்ஸ் பக்கங்கள் மாதிரி ஓவியமா வரும், பின்னணியில குரல் ஓடும். எனக்குக் கிடைச்ச சிடியில அந்தக் குரல் இல்ல. ஊமைப் பக்கங்களை எஸ்கேப் அடிச்சுத் தாண்டிட்டு சுட ஆரம்பிச்சிடுவேன். கேமை முடிச்ச பிறகும் மோனா வில்லின்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

மூணாவதுதான் எனக்கு இன்னைக்கும் வலிக்கிறது. பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா: சாண்ட்ஸ் ஆஃப் டைம். இதுவும் 2003. கூட வர்ற ஃபாரா, கதைப்படி இந்திய மகாராஜா ஒருத்தரோட மகள். சிறைபிடிக்கப்பட்டவ. நம்ம பக்கத்துப் பொண்ணு.

அந்த கேம்ல ஆரம்பத்துல இருந்து பிரின்ஸோட குரல் ஒரு கதை சொல்லிக்கிட்டே வரும். கடைசியிலதான் தெரியும், அவன் கதை சொல்றது நமக்கு இல்ல, ஃபாராவுக்கு. அவ செத்துப்போன பிறகு அவன் காலத்தைப் பின்னோக்கித் திருப்பிடுறான். அவ பிழைச்சிடுறா. ஆனா இவனைத் தெரியாது. நடந்த எதுவும் அவளுக்கு இன்னும் நடக்கவே இல்ல. சின்ன வயசுல அம்மா சொல்லிக்கொடுத்த ஒரு ரகசியச் சொல்லை அவன் அவளுக்கு மட்டும்தான் சொல்லியிருப்பான். போகும்போது அதைத்தான் தன் பேரா சொல்லிட்டுப் போவான். அவன் யாருங்கிற கேள்வியோட அவ அங்கேயே நிப்பா.

என் காப்பியில வீடியோவும் இல்ல, கதை சொல்ற குரலும் இல்ல. எனக்குத் தெரிஞ்ச ஃபாரா, வில்லை வச்சுக்கிட்டு அடிக்கடி குறுக்க வந்து நிக்கிற ஒரு தொல்லை. கடைசி சண்டை முடிஞ்சது, திரை கருப்பாச்சு, மெனு வந்தது. அவ்வளவுதான்.

வெட்டாமலும் சுருக்கலாம்

இடமே இல்லாதப்ப வேற என்ன செய்றதுன்னு கேக்கலாம். வேற வழி இருந்தது. ரெசிடென்ட் ஈவில் 2, பிளேஸ்டேஷனுக்கு 1998-ல ரெண்டு சிடியில வந்தது. அதுல லியோனுக்கும் ஏடாவுக்கும் நடுவுல ஒரு காதல் உண்டு. ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முழுசா நம்ப முடியாத காதல். அடுத்த வருஷமே அது நின்டெண்டோ 64-லயும் வந்தது. நின்டெண்டோ 64-ல சிடி கிடையாது, கார்ட்ரிட்ஜ். இந்த கேமுக்குக் கிடைச்ச இடம் 64 எம்பி.

ரெண்டு சிடியை 64 எம்பிக்குள்ள அடைக்கணும். வீடியோவைத் தூக்கிட்டா வேலை முடிஞ்சது. ஏஞ்சல் ஸ்டுடியோஸ்னு ஒரு சின்ன குழு அதைச் செய்யல. படத்தோட தரத்தைக் குறைச்சாங்க, ஃப்ரேம்களைக் குறைச்சாங்க, சுருக்குற முறையைத் தாங்களே புதுசா எழுதினாங்க. வீடியோ மங்கலாத்தான் இருக்கும். ஆனா குரலும் காட்சியும் இருக்கும். அந்தக் குழுவைத்தான் பின்னாடி ஜி.டி.ஏ. செய்யுற ராக்ஸ்டாரோட சேர்த்து, ராக்ஸ்டார் சான் டியகோன்னு பேர் வச்சாங்க.

மங்கலான காதலுக்கும் இல்லாத காதலுக்கும் நிறைய வித்தியாசம் இருக்கு. கதை முக்கியம்னு நினைச்ச கை சுருக்கினா மங்கலாகும். சைஸை மட்டும் பார்க்கிற கை சுருக்கினா மாயமாகும்.

இருந்ததும் தேடினதும்

இதுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. சான் ஆண்ட்ரியாஸோட டிஸ்க்ல, காதலி வீட்டுக்குள்ள நடக்குற உடலுறவைக் காட்டுற ஒரு பகுதி மறைஞ்சு கிடந்தது. செஞ்சவங்க அதை மூடி வச்சாங்க, அழிக்கல. 2005 ஜூன்ல நெதர்லாந்துக்காரர் ஒருத்தர் அதைத் திறக்குற ஒரு சின்ன மாற்றத்தை வெளியிட்டார். “ஹாட் காஃபி”ன்னு உலகம் முழுக்கச் சர்ச்சை. ஜூலையில அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு கேமை 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு மட்டும்னு மாத்தினது.

அந்தச் செய்தி எங்க ஊருக்கு நல்லா வந்து சேர்ந்தது. சைஸ் ரொம்பச் சின்னதாச்சே! என் வகுப்புல டெனிஸோட குரல் எப்படி இருக்கும்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஹாட் காஃபின்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும். பேச்சை எடுத்துட்டு உடம்பை மட்டும் தேடிக் கண்டுபிடிச்ச ஒரு வகுப்பு நாங்க. கேம் விளையாடித்தான் பசங்க கெட்டுப்போறாங்கன்னு நான் சொல்ல வரல. காதலைப் பத்தி வீட்டுலயும் பேசல, பள்ளிக்கூடத்துலயும் பேசல. மிச்சம் இருந்த ஒரு இடத்துல, அதைப் பத்திப் பேசியிருக்க வேண்டிய ஃபைல் காணோம். அதைத்தான் சொல்றேன்.

இன்னொண்ணும் கவனிங்க. என் காப்பியில சி.ஜே.வும் பேசல. அது எனக்கு உறைக்கவே இல்ல. அவன் ஓடுறான், சுடுறான், வண்டி ஓட்டுறான், அவன் யாருன்னு சத்தமே இல்லாம எனக்குப் புரிஞ்சுடுது. டெனிஸுக்கு அந்தக் கதையில பேச்சைத் தவிர வேற எதுவும் குடுக்கல. பேச்சு போனதும் அவ முழுசாப் போயிட்டா. இதுல வெட்டினவனை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. எழுதினவங்களுக்கும் பங்கு உண்டு.

இது முடிஞ்ச கதை இல்ல

2016 செப்டம்பர்ல ஜியோ வந்துச்சு, எல்லாம் மாறிப்போச்சுன்னு நினைப்போம். மாறினது கம்ப்யூட்டருக்கு. இப்போ சுத்துற “ரீபேக்”குகள்ல பெரும்பாலும் எதையும் வெட்டுறது இல்ல. இன்ஸ்டால் ஆக மணிக்கணக்காகும், ஆனா முழுசா வரும். ஃபோன்ல பழைய கதைதான். சான் ஆண்ட்ரியாஸ் 2013 டிசம்பர்ல ஆண்ட்ராய்டுக்கு வந்தது. அதுல இருந்தே “லைட்”னு சொல்லி 200 எம்பிக்குச் சுருக்கின காப்பிகள் சுத்துது. ஸ்டோரேஜ் இல்லாத ஃபோன்ல விளையாடுற ஒரு பையன் இன்னைக்கும் பேசாத டெனிஸைத்தான் பார்க்கிறான்.

எங்க ஊர்க்காரங்களுக்கு இந்த இடத்துல ஆடித்தவசு ஞாபகம் வரும். புன்னைவனத்துல தவம் இருந்த கோமதி அம்மனுக்கு சுவாமி பாதி சிவன், பாதி விஷ்ணுவா, சங்கரநாராயணரா காட்சி குடுக்கிறதுதான் எங்க கோயில் கதை. 12 நாள் திருவிழா. ஃபோட்டோவுல எல்லாரும் பார்க்கிறது அந்தக் காட்சி குடுக்கிற சில நிமிஷம். ஆனா அதுக்கு முன்னாடி நாள்கணக்கா பெண்கள் கோயிலைச் சுத்திக்கிட்டே இருப்பாங்க. ஆடிச்சுற்றுன்னு பேர். ஒரு கம்ப்யூட்டர்கிட்ட குடுத்தா “ஒரு சுற்று, 108 தடவை”ன்னு எழுதிட்டு முடிச்சிடும். சுத்தினவங்க காலைக் கேட்டாத் தெரியும் அது எவ்வளவு நீளம்னு. காத்திருப்பை எடுத்துட்டா மிச்சம் இருக்கிற காட்சிக்குக் கனமே இருக்காது. ஃபாரா கதையில எனக்கு நடந்தது அதுதான்.

சில வருஷம் கழிச்சு, சென்னையில வேலைக்கு வந்த பிறகு, ஒரு சேல்ல சாண்ட்ஸ் ஆஃப் டைமை முழுசா விலைக்கு வாங்கினேன். ஒரு பரோட்டா விலைகூட இல்ல. விடிகாலை வரை விளையாடி முடிச்சேன். கடைசியில அவன் அந்தச் சொல்லைச் சொல்லிட்டுப் போறப்ப கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திருந்தேன். அடுத்த வாரமே சான் ஆண்ட்ரியாஸையும் வாங்கினேன். டெனிஸ் பேசினா.

அன்னைக்கு அக்காவுக்கு ஃபோன் பண்ணினேன். அவளுக்கு இப்போ ரெண்டு பிள்ளைங்க. மாடி ரூம், துணி பக்கெட், அவ கேட்ட கேள்வி எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல.

“அந்த வாரந்தான் என்னைப் பொண்ணு பார்க்க வந்துட்டுப் போயிருந்தாங்க. ஞாபகம் இருக்கால?”

இருந்தது. காபித் தட்டு, பட்டுச் சேலை, கூடத்துல பெரியவங்க. அக்கா ஒரு வார்த்தை பேசல. யாரும் அவகிட்ட எதுவும் கேட்கவும் இல்ல. நான் கூடத்து ஓரமா மிக்சர் தின்னுக்கிட்டு இருந்தேன்.

“சரி, அவ என்னதாம்ல பேசினா?”ன்னு அக்கா கேட்டா.

ஃபோனை ஸ்பீக்கர் பக்கத்துல வச்சு, டெனிஸ் பேசுறதை முழுசா கேட்க வச்சேன்.